சூரியக் காற்றும் மாமாவின் ஃப்ளெக்ஸும்

ஃப்ளெக்ஸில் என் தலையைச் சுற்றி நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அது சூரியனாம். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவில் நான் நடுவில் முறைத்துக்கொண்டிருந்தேன். மாமா என் கன்னத்தில் ரோஸ் பூசி, நான் ஜென்மத்தில் போடாத ஜிமிக்கியையும் கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிட்டிருந்தார். கீழே மஞ்சள் எழுத்தில் இப்படி இருந்தது: 'சூரியக் காற்றின் திருப்பங்களில் கூடுதல் வெப்பம் உண்டு எனக் கண்டுபிடித்த எங்கள் பங்கின் விஞ்ஞானி பெலிசியாவை வாழ்த்தி வணங்குகிறோம்.' அதற்கும் கீழே, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு மன்றத்தில் பாராட்டு விழா, அனைவரும் வருக.

இதை நான் பார்த்தது வெள்ளிக்கிழமை காலை, கடலூர் ஓ.டி. என்கிற ஓல்டு டவுனில் சிதம்பரம் பஸ்ஸுக்காக நின்றபோது. எதிரே எங்கள் மாதா கோயில் மதில். மதில் முழுக்க நான். கூடுதல் வெப்பம் உண்டு என்று ஊருக்கே அறிவித்திருந்த அந்த விஷயம் தப்பு என்பது எனக்கு முந்தைய நாள் மத்தியானம்தான் தெரிந்திருந்தது. மாமா இதைவிட நல்ல நாள் பார்த்திருக்க முடியாது.

லூர்து பிரகாஷ் மாமா அம்மாவின் தம்பி. கோயிலுக்குப் பக்கத்திலேயே டிஜிட்டல் பேனர் கடை வைத்திருக்கிறார். சொந்தக்காரர்களில் யார் எதைச் செய்தாலும் பேனர் அடித்துவிடுவார். பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அடிப்பார், நிச்சயதார்த்தத்துக்கு அடிப்பார், சித்தி மகன் ஆன்டோ லைசென்ஸ் வாங்கியதற்குக்கூட அடித்தார். நான் அம்மாவிடம், ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு ஒரு பேப்பர் அனுப்பியிருக்கிறேன், எடுத்துக்கொண்டால் தீசிஸைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். அம்மா தம்பியிடம் சொல்லிவிட்டாள். அனுப்புவது வேறு, எடுத்துக்கொள்வது வேறு என்பதை எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் விளங்கவைக்க முடியாது. ஆறு வருஷமாக முயற்சி செய்கிறேன்.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் என்னையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தியா இருக்குமா மேடம் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறேன் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். அவர்களில் இருவர் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். எனக்கு எங்கேயாவது பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடிவிடலாம் என்று இருந்தது.

என் வேலை இதுதான். சூரியன் வெளிச்சத்தை மட்டும் அனுப்புவதில்லை. மின்னேற்றம் உள்ள துகள்களையும் காற்றாக ஓயாமல் ஊதித் தள்ளுகிறது. அந்தத் துகள் கூட்டத்துக்குப் பிளாஸ்மா என்று பெயர். அது போகும்போது சூரியனின் காந்தப் புலத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. புலக்கோடு நேராகப் போகவேண்டியதுதானே? போகாது. நடுநடுவே கொண்டை ஊசி வளைவு போல மடங்கி, வந்த பக்கமே திரும்பி, மறுபடி நேராகும். சூரியனுக்கு மிக அருகில் போய்வரும் நாசா விண்கலம் இந்தத் திருப்பங்களை ஆயிரக்கணக்கில் பதிவு செய்திருக்கிறது. பதிவெல்லாம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் சின்னக் கல்லூரியில்கூட இந்த ஆராய்ச்சி நடக்கிறது. திருப்பத்துக்குள் இருக்கும் பிளாஸ்மா வெளியே இருப்பதைவிடச் சூடா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்குத்தான் ஆறு வருஷம் போயிருக்கிறது.

சூடு என்றுதான் எனக்கு வந்தது. அவ்வளவு சுத்தமாக வந்தது. என் வழிகாட்டி செம்பியன் சார் அந்த வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்துத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். பத்திரிகை என் பேப்பரை ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்பியது. ஊர் பேர் தெரியாத அந்த மனிதர் மற்றதையெல்லாம் பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். வெப்பநிலையை எந்தத் திசையில் அளந்தீர்கள்?

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விண்கலத்தில் துகள்களைப் பிடித்து அளக்கும் கிண்ணம் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு வேறு பக்கம் பார்க்கத் தெரியாது. இது எல்லோருக்கும் தெரிந்தது, இதில் என்ன கேள்வி வேண்டிக்கிடக்கிறது? அந்த ஆளின் மூக்கை உடைக்கவேண்டும் என்றே வியாழக்கிழமை உட்கார்ந்து திருப்பங்களை இரண்டாகப் பிரித்தேன். பக்கவாட்டில் மடங்கியவை ஒரு பக்கம், முழுசாகப் பின்னோக்கித் திரும்பியவை ஒரு பக்கம். பக்கவாட்டில் மடங்கியவற்றில் சூடு இருந்தது. முழுசாகத் திரும்பியவற்றில் ஒன்றுமே இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே வெப்பநிலை. மூக்கு உடைந்தது எனக்குத்தான்.

பிளாஸ்மாவில் புலக்கோட்டின் போக்கில் ஒரு வெப்பநிலை, அதற்குக் குறுக்கே இன்னொரு வெப்பநிலை. சூரியனுக்குப் பக்கத்தில் குறுக்கே இருப்பதுதான் அதிகம். புலம் நேராக இருக்கும்போது எங்கள் கிண்ணம் போக்கில் இருப்பதை அளக்கிறது. புலம் பக்கவாட்டில் மடங்கும்போது அதே கிண்ணம் குறுக்கே இருப்பதை அளக்கிறது. முழுசாகத் திரும்பிவிட்டால் மறுபடி போக்கில் இருப்பதையே அளக்கிறது. பிளாஸ்மா சூடாகவே இல்லை. புலம் திரும்பியது, நாங்கள் சூடு என்று எழுதிவிட்டோம். அறுபது டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அது திருப்பம் என்று எங்கள் துறையில் ஒரு வழக்கம். சார் வைத்தது. அதை ராஜ்கமல் என்ற சீனியர் ப்ரோகிராமாக எழுதினார், டாக்டர் பட்டம் வாங்கினார், போகும்போது அந்த ப்ரோகிராமை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சீனியர் கொடுத்ததைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் கிடந்ததும் பின்னோக்கித் திரும்பியதும் அந்த அறுபதுக்குள் ஒன்றாக மாட்டிக்கொண்டன.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போனதும் செம்பியன் சாரிடம் இதைச் சொன்னேன், கடைசிவரை கேட்டார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், அறுபது வைத்தால்தான் எண்ணிக்கை தேறியது, முழுசாகத் திரும்பியதை மட்டும் எடுத்தால் கொஞ்சம்தான் கிடைக்கும் என்று ஆரம்பித்தார். கொஞ்சமாக இருந்தாலும் அதுதானே சார் சரி என்றேன். அவர் விஷயத்தை மாற்றினார். இந்த மாதக் கடைசிக்குள் பேப்பர் வராவிட்டால் நான் தீசிஸ் கொடுக்க முடியாது. இதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது. அடுத்த வருஷம் மறுபடி பதிவு செய்து வரவேண்டும். கடலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்காகச் சொல்லி வைத்திருக்கும் வேலை, டாக்டர் பட்டத்தோடு வருகிற வேறு யாருக்காவது போய்விடும். இதையெல்லாம் எனக்கே தெரியாதது போல ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.

அத்தோடு விட்டாரா? இல்லை. இந்த அறுபது போனால் ராஜ்கமலின் தீசிஸும் போகும், அவன் புவனகிரிப் பக்கம் இப்போதுதான் ஒரு வேலையில் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு குழந்தைகள் இருக்கின்றன என்றார். சூரியக் காற்றுக்கும் ராஜ்கமலின் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று என் வாய்வரை வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"நல்ல கேள்வி, எதிர்கால ஆய்வுல பாக்கிறோம்னு ஒரு வரி எழுதி அனுப்பிடும்மா. எல்லாரும் செய்யிறதுதான்" என்றார் சார்.

"நான்தான் பாத்துட்டேனே சார்."

"பாத்தது உனக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஸ்காலர்ஷிப் நின்ற பிறகு எனக்காக நடையாய் நடந்து பகுதிநேர வகுப்பு வாங்கிக் கொடுத்தவர் அவர். திங்கட்கிழமை காலையில் பதிலை அனுப்பிவிடலாம் என்று முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விழாவில் பார்க்கலாம் என்றார். விழா உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். உங்க மாமா போன் பண்ணி சீஃப் கெஸ்டாக் கூப்பிட்டார், பதினொரு மணிக்குத்தானே என்றார்.

சாயங்காலம் நேராக மாமாவின் கடைக்குத்தான் போனேன். யாரோ ஒருவருடைய கண்ணீர் அஞ்சலி மெஷினிலிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஃப்ளெக்ஸை இறக்குங்கள், அதில் இருப்பது தப்பு என்றேன். எழுத்துப் பிழையா என்று கேட்டார். இல்லை, விஷயமே தப்பு என்றேன். மாமா சிரித்தார். பங்குச் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது, பிரியாணிக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, சிதம்பரத்திலிருந்து பெரிய புரொஃபசர் வருகிறார், இப்போது வந்து தப்பு என்கிறாயே என்றார். எனக்குத் தன்னடக்கம் அதிகமாம். அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டாள். என்னைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

சனிக்கிழமை முழுவதும் அந்த ஒரு வரியை எழுதி எழுதிப் பார்த்தேன். 'இது எதிர்கால ஆய்வுக்கு உரியது.' இலக்கணப்படி அதில் ஒரு குறையும் இல்லை. அனுப்பினால் பேப்பர் வந்துவிடும், பட்டம் வந்துவிடும், வேலை வந்துவிடும். அப்புறம் இன்னொருத்தி வருவாள். அவளுக்கு நான் ப்ரோகிராமைக் கொடுப்பேன். அவளும் மரியாதையாகப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்வாள். யோசிக்க யோசிக்க எனக்கு அந்தப் பெண்ணின் மேல்கூட எரிச்சல் வந்தது.

ஞாயிறு திருப்பலி முடிந்து பங்கு மன்றம் நிறைந்துவிட்டது. பாதிப்பேர் பிரியாணிக்கு, மீதிப்பேர் அம்மாவுக்காக. பங்குத் தந்தை பேசும்போது கடவுள் சூரியனைப் படைத்தது நான்காம் நாள் என்றும், அதைப் பற்றி நம் பங்கில் ஒரு பெண் கண்டுபிடிப்பது இப்போது என்றும் சொன்னார். கைதட்டினார்கள். செம்பியன் சாருக்கு மாமா சால்வை போர்த்தினார். சார் மைக்கைப் பிடித்து என் உழைப்பைப் பாராட்டினார், பொறுமையைப் பாராட்டினார், காலை பஸ்ஸைத் தவறவிடாததைப் பாராட்டினார். கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லாமலே ஒரு பேச்சை முடிக்க அவரால் முடிந்தது. என்னாலும் முடியும் என்று அவர் நம்பியிருப்பார்.

மைக் என் கைக்கு வந்தது. மேடைக்குப் பின்னால் அதே படத்தோடு இன்னொரு ஃப்ளெக்ஸ். திரும்பிப் பார்த்தேன். அந்த ஜிமிக்கிதான் என்னைக் கவிழ்த்தது. என் காதில் இல்லாததை மாட்டியாகிவிட்டது, சூரியனில் இல்லாததையும் மாட்டவேண்டுமா என்று ஒரு வேகம் வந்தது.

"பேனர்ல போட்டிருக்கிறது தப்புங்க. கூடுதல் சூடு இல்ல. நாங்க அளந்தது தப்பு" என்றேன்.

பின்வரிசையில் பிரியாணி அண்டாவைத் திறந்த சத்தம் மட்டும் கேட்டது. நான் சாரின் பக்கம் பார்க்கவில்லை. விளக்காமல் விட்டால் நான் ஏதோ பணிவுக்காகச் சொல்கிறேன் என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் கரும்பு லோடை எடுத்துக்கொண்டேன். நெல்லிக்குப்பம் மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் நின்று பார்த்தால் கரும்பின் வெட்டுவாய்தான் தெரியும், பொட்டுப் பொட்டாக. அதே டிரெய்லர் ரோட்டில் குறுக்கே திரும்பினால் கரும்பு நீளநீளமாகத் தெரியும். கரும்பு மாறவில்லை. நாங்கள் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, திரும்புகிற டிரெய்லரில் கரும்பு வளர்ந்துவிட்டது என்று எழுதிவிட்டோம். ஆறு வருஷமாக இதைத்தான் செய்தோம். இப்படித்தான் சொன்னேன்.

யாராவது ஒரு அறிவான கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தேன். நடுவரிசையிலிருந்து வைத்திலிங்கம் என்ற கரும்பு விவசாயி, மாமாவின் வாடிக்கையாளர், எழுந்து, அந்த டிரெய்லர்களைக் குறுக்கே திருப்பும்போது ரோடே அடைத்துவிடுகிறது, இதை யாராவது கேட்கவேண்டும் என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். பங்குத் தந்தை கைதட்டினார். அவரைப் பார்த்து மன்றமே கைதட்டியது. ஆறு வருஷம் தலைகுப்புற விழுந்ததை ஒருத்தி மேடையில் சொல்கிறாள், அதற்கும் கைதட்டுகிறார்கள். இவர்களிடம் என்னதான் சொல்வது?

ஒருவர் மட்டும் தட்டவில்லை. மாமா முன்வரிசையிலிருந்து எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். சபையில் அவர் மானத்தை வாங்கிவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா என் கையைக் கிள்ளி, இப்ப சந்தோஷமா என்று கேட்டாள்.

சாப்பாட்டில் எனக்குக் கை ஓடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சார் சால்வையை மடித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிரியாணியை அவரும் தொடவில்லை. கோபமா சார் என்று கேட்டேன். சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று எழுந்தார். மரியாதைக்கு நானும் கூடவே வாசல்வரை போனேன். கேட்டுக்கு வெளியே வந்ததும் இருவரும் நின்றுவிட்டோம்.

மதிலில் ஏணி சாய்த்திருந்தது. ஏணியின் மேலே மாமா. விழாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஃப்ளெக்ஸை இறக்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் இறக்கவில்லை. கடைக்குப் போய் அதே மஞ்சள் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் அடித்துக்கொண்டு வந்து, 'உண்டு' இருந்த இடத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன். 'சூரியக் காற்றின் திருப்பங்களில் கூடுதல் வெப்பம் இல்லை எனக் கண்டுபிடித்த எங்கள் பங்கின் விஞ்ஞானி பெலிசியாவை வாழ்த்தி வணங்குகிறோம்.'

மாமா கீழே என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்தது.

"மொதல்லயே இப்பிடித் தெளிவாச் சொல்லியிருந்தா நான் அப்பவே இப்பிடி அடிச்சிருப்பேன்ல பாப்பா" என்றார்.

வெள்ளிக்கிழமையே கடையில் வந்து கத்தினேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சார் ஏணிக்கு அடியில் போய் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். நான் ஆறு வருஷத்தில் எழுதியதையெல்லாம்கூட அவர் அத்தனை மெதுவாகப் படித்ததில்லை.

"ஊருக்கே அடிச்சி ஒட்டிட்டாரு. இனி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தப் பதில அனுப்புறது?" என்றார்.

பஸ் ஒன்று வந்து நின்றது. அவர் ஏறவில்லை.

"நாளைக்கி வா. அறுபதத் தூக்கிப் போட்டுட்டு முழுசாத் திரும்புனத மட்டும் வச்சி மொதல்லேருந்து எழுதுவோம். ராஜ்கமலுக்கு நானே பேசிக்கிறேன்."

"அப்ப இந்த வருஷம் கொடுக்க முடியாது சார்."

"முடியாதும்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அந்தப் பெண்கள் கல்லூரிக்கு வேறு யாரோ போவார்கள். இன்னொரு வருஷம் இதே பஸ், இதே கண்டக்டர், வெயில் ஜாஸ்தியா மேடம். எனக்கு அழுகை வந்தது. அதுவும் எரிச்சலோடுதான் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மதிலைப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் என் வேலையைப் பற்றிச் சரியாக அச்சான முதல் வாக்கியம் அதுதான். மேலே என் காதில் அந்த ஜிமிக்கி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கர் வலது பக்கம் நன்றாக இறங்கியிருந்தது.

"கோணலா இருக்கு மாமா. உரிச்சிட்டு ஒழுங்கா ஒட்டுங்க" என்று கத்தினேன்.